மலைக்கு அப்பால் ஓர் அரைநாள்



ஆசிரியர்கள் பணியிலிருந்து ஓய்வு பெற்றாலும் பாடம் சொல்வதிலிருந்து ஓய்வு பெறுவதில்லை என்று ஊரில் கேலியாகச் சொல்வார்கள். இன்று நான் புதிய பாடம் எதுவும் சொல்ல வரவில்லை. பழைய பாடமொன்றைத் திருத்த வந்திருக்கிறேன். பல ஆண்டுகள் கரும்பலகையில் என் கையாலேயே எழுதிய ஒரு வாக்கியம் அது. அதைத் திருத்தியது நூலகத்துப் புத்தகமன்று. ஓர் அரைநாள் சைக்கிள் பயணம்.

என் ஊர் கிருஷ்ணன்கோவில். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகில் உள்ளது. ஊரில் எங்கே நின்று மேற்கே பார்த்தாலும் மலை தெரியும். ஆனி, ஆடி மாதங்களில் அந்த மலையின் உச்சியில் மேகங்கள் கூட்டம் கூட்டமாக வந்து நிற்கும். நாங்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்போம். மழை அந்தப் பக்கம் பெய்துவிடும். எங்களுக்கு வருவது காற்றும், கொடுத்துவைத்தால் சிறிது சாரலும்தான். மலைக்கு அப்பால் ஆலப்புழைப் பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை. எங்கள் விருதுநகர் மாவட்டத்தில் 800 மில்லிமீட்டர் அளவே. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் பெய்தால்தான் உண்டு.

இதனை மழை மறைவுப் பிரதேசம் என்று வகுப்பில் விளக்குவேன். விளக்கி முடித்தபின், "மலைக்கு மேற்கே பெய்யும் மழை யாருக்கும் பயன்படாமல் கடலில் வீணாகக் கலக்கிறது" என்று எழுதிப் போடுவேன். மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள். தேர்வில் அப்படியே எழுதுவார்கள். நான் முழு மதிப்பெண் போடுவேன்.

சென்ற தை மாதப் பொங்கல் விடுமுறையில், என்னிடம் படித்து இப்போது கல்லூரியில் பயிலும் இரண்டு இளைஞர்கள் வீட்டுக்கு வந்தார்கள். "ஐயா, ஆலப்புழைப் பக்கம் கடற்கரைக் கிராமங்களையும் காயலையும் சைக்கிளில் சுற்றிக் காட்டுகிறார்களாம். வழிகாட்டி ஒருவர் கூடவே வருவார். அரைநாள்தான். நீங்களும் வாருங்கள்" என்று அழைத்தார்கள். நாற்பதாண்டுகள் சைக்கிளில் பள்ளிக்குப் போய் வந்த கால்கள் மறுக்கவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ரயிலேறினோம். செங்கோட்டையைத் தாண்டி மலைக்குள் நுழையும் இருப்புப்பாதை 1904-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அகலப்பாதையாக மாறி மீண்டும் முழுமையாக இயங்கத் தொடங்கியது 2018-இல். குகைகளையும் பதின்மூன்று கண் பாலத்தையும் கடந்து இறங்கும்போது காற்றின் ஈரமே வேறாகிவிடுகிறது. கொல்லத்தில் வண்டி மாறி, ஆலப்புழைக்கு வடக்கே உள்ள மாராரிக்குளம் என்ற சிற்றூரில் இறங்கித் தங்கினோம்.

மறுநாள் காலை 6 மணிக்குக் கடற்கரையில் கூடினோம். வழிகாட்டிக்கு முப்பது வயதிருக்கலாம். மீனவர் குடும்பத்தில் பிறந்தவர். தமிழ் நன்றாகவே பேசினார். நான் ஆசிரியன் என்று தெரிந்தவுடன் "மாஷே" என்று அழைக்கத் தொடங்கினார். ஆசிரியரை அவர்கள் ஊரில் அப்படித்தான் மரியாதையாக அழைக்கிறார்கள். எனக்கு உயரம் குறைந்த சைக்கிள் ஒன்றைத் தேர்ந்து கொடுத்து, இருக்கையைத் தாழ்த்தி, காற்றையும் அழுத்திப் பார்த்துவிட்டு, "மெதுவாகப் போவோம், அவசரப்பட்டால் இந்த ஊர் தெரியாது" என்றார்.

புறப்படும் முன் மணலில் ஒரு குச்சியால் படம் வரைந்தார். மேற்கே அரபிக்கடல், கிழக்கே வேம்பநாட்டுக் காயல், நடுவே சில கிலோமீட்டர் அகலமே உள்ள மணல் திட்டு. அதன்மேல்தான் ஊர்களெல்லாம் இருக்கின்றன. கடலில் புறப்பட்டுக் காயலில் முடியும் பயணம். போக வர ஏறத்தாழ 30 கிலோமீட்டர். 'காயல்' என்ற சொல் நமக்கும் அயலன்று. நம் கிழக்குக் கடற்கரையில் காயல்பட்டினத்தின் பெயரிலேயே அது இருக்கிறது.

கரையில் அப்போதுதான் படகுகள் வந்திருந்தன. பெரிய படகு வாங்க வசதியில்லாதவர்கள் தெர்மக்கோல் துண்டுகளைக் கட்டி, அதன்மேல் ஒற்றை ஆளாக அமர்ந்து துடுப்புப் போட்டுக் கடலுக்குள் போய் வருகிறார்கள். மழைக்காலத்தில் மற்ற கடற்கரைகளில் அலை சீறும்போது, இந்தக் கரையோரத்தில் சில ஆண்டுகள் ஓரிடத்தில் மட்டும் கடல் குளம்போல் அமைதியாகிவிடும். அடியிலுள்ள மென்சேறு கலங்கி எழுந்து அலையின் வேகத்தைத் தணிப்பதால் அப்படி நேர்கிறது. அங்கே மீன் கூட்டங்கூட்டமாகச் சேரும். 'சாகர' என்று அதற்குப் பெயர். அது எந்த ஊருக்கு நேரே அமையும் என்று எவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அமைந்த இடத்தில் அந்தப் பருவம் முழுவதும் திருவிழாதான் என்றார் வழிகாட்டி.

கடலை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டுக் கிழக்கே மிதித்தோம். தென்னந்தோப்புகளின் நடுவே ஒற்றையடிப் பாதை. ஓரிடத்தில் சக்கரம் மணலில் புதைந்து, என் சைக்கிளின் சங்கிலி கழன்றுவிட்டது. வழிகாட்டி அதை மாட்டும் வரையில் நாங்கள் நின்ற வீட்டு முற்றத்தில், மூதாட்டி ஒருவர் ராட்டில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். சங்கிலி கழன்றது நல்லதாயிற்று.

ஆலப்புழையில் கயிற்றுத் தொழிற்சாலை முதன்முதலாக 1859-இல் ஏற்பட்டது. ஆனால், தொழிலின் வேர் அந்தக் காயலில் இருக்கிறது. பச்சை மட்டையைக் கழியோரத்து நீரில் மாதக்கணக்கில் அமிழ்த்தி ஊறவைப்பார்கள். அந்த நீர் முழு உப்பாகவும் இருக்கக்கூடாது. முழு நன்னீராகவும் இருக்கக்கூடாது. ஏற்றவற்றத்தால் நீர் வந்து போய்க்கொண்டே இருக்க வேண்டும். அப்போதுதான் மட்டையின் அழுக்குக் கழுவப்பட்டு நார் பொன்னிறமாக வரும். "இப்போது மட்டை ஊறவைப்பது குறைந்துவிட்டது. பெரும்பாலும் உங்கள் தமிழ்நாட்டு நார்தான் இங்கே வருகிறது" என்று சொல்லிச் சிரித்தார் அந்த அம்மையார். மலைக்கு அப்பால் இருந்து மழை வராவிட்டாலும் இங்கிருந்து அங்கே நார் போகிறது என்பதை அன்றுதான் அறிந்தேன்.

எட்டு மணியளவில் முகம்மை என்ற ஊரை அடைந்தோம். திடீரென்று தென்னைகள் விலகின. எதிரே கரை தெரியாத நீர்ப்பரப்பு. எங்கள் பெரிய கண்மாய்கள் நிறைந்திருக்கும்போது பார்த்துப் பெருமைப்பட்ட கண்களுக்கு அது கண்மாயாகத் தோன்றவில்லை. இன்னொரு கடலாகவே தோன்றியது. இந்தியாவின் மிக நீளமான ஏரி என்று வேம்பநாட்டைச் சொல்கிறார்கள்; நீளம் 96 கிலோமீட்டர். 2002-ஆம் ஆண்டு உலகின் சிறப்புமிக்க ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சார் பட்டியலில் இது சேர்க்கப்பட்டது. பம்பை, அச்சன்கோவில், மணிமலை, மீனச்சில் ஆகிய ஆறுகள் மலையிலிருந்து இறங்கி இதன் தென்பகுதியில் கலக்கின்றன. நம் மாவட்டத்து ஐயப்பன்மார்கள் ஆண்டுதோறும் நீராடி வரும் பம்பைதான் அது.

கரையோரத்தில் சிறு தோணிகளிலிருந்து கறுப்பு மட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். 'கக்கா' என்பது அவர்கள் வழக்கு. ஆள் மூழ்கி அடியிலிருந்து அள்ளிக்கொண்டு வரவேண்டும். சதை உணவாகிறது, ஓடு சுண்ணாம்பாகிறது. அந்த மட்டி இனம் பெருகுவதற்கு நீரில் சிறிதளவு உப்பு வேண்டும். ஆற்றுக்கொஞ்சு என்ற பெரிய இறால் ஆற்றில் வளர்கிறது. ஆனால் குஞ்சு பொரிக்க உவர்நீரைத் தேடி இறங்கி வருகிறது. அதற்கும் வழி திறந்திருக்க வேண்டும்.

அங்கிருந்து காயலோரமாகவே வடக்கே சென்று தண்ணீர்முக்கம் என்ற இடத்தை அடைந்தோம். எங்கள் பயணத்தின் எல்லை அதுதான். காயலின் இடுப்பு சுருங்கிய இடத்தில், கரைக்குக் கரை ஒரு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளத்தில் தடுப்பணை ஒன்று நிற்கிறது. அதன்மேல் பேருந்துகள் போகின்றன. 1970-களின் நடுவில் அது பயனுக்கு வந்தது.

அந்த அணை எதற்காக? காயலின் தெற்கே உள்ள குட்டநாடு கடல்மட்டத்திற்கும் கீழே கிடக்கும் நெல்வயல் நாடு. சில வயல்கள் 2 மீட்டர் வரை தாழ்ந்தவை. நீரைச் சுற்றி வரப்பெடுத்து, உள்ளிருக்கும் நீரை வெளியே இறைத்து, அந்தத் தரையில் நெல் விளைவிக்கிறார்கள். முற்காலத்தில் ஆட்கள் வரிசையாக அமர்ந்து இலைச் சக்கரங்களைக் காலால் மிதித்து இரவு பகலாக நீரிறைத்தார்களாம். அரைநாள் சைக்கிள் மிதித்ததற்கே முழங்காலைத் தடவிக்கொண்டிருந்த எனக்கு அதைக் கேட்டு வெட்கமாக இருந்தது. இந்த வேளாண்மையை ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 2013-இல் உலகின் சிறந்த வேளாண் மரபுகளுள் ஒன்றாக ஏற்றது.

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. நெற்பயிர் அதைத் தாங்காது. மாராரிக்குளத்துக் கடல் சில கிலோமீட்டர் தொலைவில் இருந்தாலும் உப்பு அந்த வழியாக வருவதில்லை. வடக்கே கொச்சி முகத்துவாரத்தில் நுழைந்து, காயலின் வழியே தெற்கு நோக்கி ஏறி வருகிறது. மழைக்காலத்தில் ஆறுகள் பெருகி வந்து அதை வடக்கே தள்ளிவிடுகின்றன. மழை நின்றதும் ஆற்றின் கை தளர்கிறது. கடலின் கை ஓங்குகிறது. ஆகவே டிசம்பர் நடுவில் அணையின் கதவுகளை மூடி, அறுவடைக்குப் பின் மார்ச் நடுவில் திறப்பது என்று வகுத்தார்கள். நாங்கள் போனபோது கதவுகள் மூடியிருந்தன. வழிகாட்டி இருபுறத்து நீரிலும் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னார். வடபுறம் உப்புக் கரித்தது. தென்புறம் அவ்வளவாகக் கரிக்கவில்லை. பூகோளத்தை நாக்கால் படித்தது அன்றுதான்.

ஆனால் கதவு மூடிய காலத்தில் ஏற்றவற்றம் நிற்கிறது. தென்புற நீர் தேங்குகிறது, அழுக்குச் சேர்கிறது, ஆகாயத்தாமரை மண்டுகிறது, மட்டியும் கொஞ்சும் குறைகின்றன. நெல் அறுவடை தாமதமானால் திறப்பதும் தாமதமாகிறது. "என் தாய்மாமன் மட்டி அள்ளுகிறவர், கதவைத் திற என்பார். என் மாமனார் நெல் விளைவிக்கிறவர்; கதவை மூடு என்பார். ஓணத்துக்கு இருவருக்கும் ஒரே பந்தியில் இலை போடுகிறேன், மாஷே" என்றார் வழிகாட்டி.

அப்போதுதான் என்னுடன் வந்த மாணவன் ஒருவன், மிகவும் நல்லெண்ணத்தோடு, ஒரு வார்த்தை சொன்னான்: "இவ்வளவு ஆறுகளின் நீரும் கடலில் வீணாகத்தானே கலக்கிறது? எட்டாம் வகுப்பில் ஐயா எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்."

வழிகாட்டி என்னைப் பார்த்தார். கோபமில்லை, வியப்புத்தான் இருந்தது. "மாஷே, காலையிலிருந்து நீங்கள் பார்த்ததெல்லாம் அந்த வீணான நீரைத்தானே?" என்றார்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மூதாட்டியின் கயிறும், தோணியிலிருந்த மட்டியும், தெற்கே பச்சை பிடித்திருந்த நெல்லும் என் கண்முன் வந்தன. ஆறு கடலுக்குப் போகும் வழியில் கடலைத் தள்ளிப் பிடிக்கும் வேலையைச் செய்கிறது. அந்த வேலை கரும்பலகையில் எழுதியவனுக்குத் தெரியவில்லை.

திரும்பும் வழியில் ஒரு தேநீர்க் கடையில் அமர்ந்தோம். கேட்ட கேள்விக்கு நானும் என் பக்கத்தைச் சொல்ல வேண்டுமல்லவா? எங்கள் ஊர்களில் மழை பொய்த்த ஆண்டுகளில் கண்மாயின் தரை வெடித்துக் கிடப்பதையும், கிணறு தோண்டத் தோண்ட நீர்மட்டம் கீழே ஓடுவதையும், சித்திரை வெயிலில் குடங்கள் வரிசையில் நிற்பதையும், மலையுச்சியில் மேகத்தைப் பார்த்துக்கொண்டே காத்திருப்பதையும் சொன்னேன். அவர் தேநீரை வைத்துவிட்டுக் கேட்டார். "அரிசியும் காய்கறியும் உங்கள் பக்கத்திலிருந்து வருகின்றன. அதனால் அங்கே நீர் நிறைய இருக்கும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்தேன்" என்றார். அவருடைய பாடத்திலும் ஒரு பிழை இருந்தது போலும்.

மாணவர்களே, இந்தப் பேச்சு வெறும் உபசாரப் பேச்சன்று. பம்பை, அச்சன்கோவில் ஆறுகளின் நீரில் ஒரு பகுதியை மலையைக் குடைந்து கிழக்கே கொண்டுவந்து வைப்பாற்றோடு இணைப்பது என்று ஒரு திட்டம் உண்டு. நம் சாத்தூர் வழியே ஓடுகிற வைப்பாறுதான். தேசிய நீர்வள மேம்பாட்டு முகமை அதன் சாத்தியக்கூறு அறிக்கையை 1995-இல் முடித்தது. ஆண்டுக்கு 63.4 கோடி கனமீட்டர், அதாவது 22 டி.எம்.சி.க்குச் சற்று அதிகமான நீரைத் திருப்பி, இப்போதைய தென்காசி, விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களில் 91,400 ஹெக்டேர் நிலத்திற்குப் பாய்ச்சலாம் என்பது அதன் கணக்கு. நீர் குறைந்தால் வேம்பநாட்டில் உப்பு ஏறும், குட்டநாடு கெடும் என்பது கேரளத்தின் மறுப்பு. திட்டம் நிறைவேறாமல் ஏட்டளவில் நிற்கிறது.

அது நிறைவேற வேண்டுமா, வேண்டாமா என்று தீர்ப்புச் சொல்ல நான் தகுதியுடையவனல்லேன். பொறியாளர்களும் இரு அரசுகளும் முடிவு செய்ய வேண்டிய காரியம் அது. மழைக்காலத்தில் பெருகுவதும் கோடையில் சுருங்குவதும் ஒரே ஆறுதான். ஆண்டுக் கணக்கை மட்டும் பார்ப்பவர் ஒன்று சொல்வார், மாதக் கணக்கைப் பார்ப்பவர் வேறொன்று சொல்வார். ஒன்றை மட்டும் நான் உறுதியாகச் சொல்வேன். நீர் கேட்கிறவனுக்குத் தேவை உண்மையானது. கேட்கும் நீர் இப்போது என்ன வேலை செய்துகொண்டிருக்கிறது என்று அறியும் கடமையும் அவனுக்கு உண்டு. தர மறுக்கிறவனுக்கும் அதே கடமை உண்டு. மலைக்கு இப்பால் உள்ள தாகம் எப்படிப்பட்டது என்று அவன் வந்து பார்க்க வேண்டும். "வீண்" என்ற ஒரு சொல் இருதரப்பும் பேச உட்காருவதற்கு முன்பே ஒருதரப்பின் வாழ்க்கையை அழித்துவிடுகிறது. அந்தச் சொல்லை நான் எத்தனை குறிப்பேடுகளில் எழுத வைத்தேன் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

ஊர் திரும்பிய மறுவாரம் நானும் அவ்விரு இளைஞர்களும் இன்னோர் அரைநாள் சைக்கிளில் புறப்பட்டோம். இம்முறை வழிகாட்டி கிடையாது. கிருஷ்ணன்கோவிலைச் சுற்றியுள்ள கண்மாய்களை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். மலையிலிருந்து வரும் ஓடை எந்தக் கண்மாயில் விழுகிறது, அது நிறைந்தால் கலுங்கு வழியே அடுத்த கண்மாய்க்கு எப்படிப் போகிறது என்று தேடிப் பார்த்தோம். ஓரிடத்தில் வரத்துக்கால் இருந்த தடமே தெரியவில்லை, சீமைக்கருவேல் அடர்ந்திருந்தது. ஓரிடத்தில் கலுங்கின் கல் பெயர்ந்து கிடந்தது. மடை திறக்கும் முறையைக் கேட்டோம். நீர்ப்பாய்ச்சியாக இருந்த முதியவர் ஒருவருக்கு மட்டுமே அது தெரிந்திருந்தது. குட்டநாட்டில் ஒரு வரப்புக்குள் இருக்கும் உழவர்கள் எல்லாரும் கூடி ஒன்றாக நீரிறைத்து, ஒன்றாகச் செலவைப் பகிர்கிறார்கள். நம் முன்னோர் கூடிக் கண்மாயைத் தூர்வாரிய குடிமராமத்தும் அத்தகையதே. மலையைக் குடைந்து நீர் வருவது ஒருபுறம் இருக்கட்டும். நாளை வந்தாலும் அது வந்து தங்க வேண்டிய இடம் இந்தக் கண்மாய்தானே?

உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். மதிப்பெண் கிடையாது. விடுமுறையில் ஓர் அரைநாள் நண்பர்களுடன் சைக்கிளில் புறப்படுங்கள். பேருந்தில் போனால் ஊர் ஓடிவிடும். நடந்து போனால் பத்துக் கிலோமீட்டருக்குமேல் அரைநாளில் பார்ப்பது அரிது. சைக்கிளில் போனால் வேண்டிய இடத்தில் காலை ஊன்றி நிற்கலாம், "இது என்ன, பாட்டி?" என்று கேட்கலாம். உங்கள் ஊர் நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே தேங்குகிறது, யார் திறக்கிறார்கள், யாருக்குப் போகிறது, யாருக்குப் போகாமல் நிற்கிறது என்ற ஐந்து கேள்விகளை மட்டும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். தொப்பியும் குடிநீரும் கொண்டு செல்லுங்கள். விடை கிடைத்த இடத்தில் பெரியவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டு வாருங்கள்.

என்னிடம் எட்டாம் வகுப்பில் படித்தவர்கள் யாரேனும் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், பழைய குறிப்பேடு கையிலிருந்தால், அந்த வாக்கியத்தை அடித்துவிட்டு இப்படி எழுதிக்கொள்ளுங்கள்: "மலைக்கு மேற்கே பெய்யும் மழை ஆறாகி, கடலின் உப்பைத் தள்ளி, நெல்லையும் மீனையும் மனிதரையும் காத்துக் கடலை அடைகிறது. மலைக்குக் கிழக்கே இருக்கும் நாம் பெய்யும் மழையைக் கண்மாயில் காக்க வேண்டும்."